கண்மாய் ஆழக் கணக்கு: ஓரத்தில் என்ன போடுவது?

கண்மாயில் இப்போது எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று ஊரில் கேட்டார்கள். வண்டல் எடுத்த பிறகு முதல் தடவையாக நிறைந்திருக்கிறது, மடையை எத்தனை நாள் திறக்கலாம், எத்தனை ஏக்கருக்குத் தாங்கும் என்று கூட்டம் போட்டு முடிவு செய்ய வேண்டும், அதற்கு ஒரு எண் வேண்டும். ஆழத்தை அங்கங்கே அளந்து, அந்தப் புள்ளிகளிலிருந்து முழுப் பரப்புக்கும் ஆழத்தைக் கணக்கிட்டு (இதற்குப் பெயர் இடைக்கணிப்பு), கூட்டிவிட்டால் கொள்ளளவு வந்துவிடும். செய்யலாம் என்று ஒப்புக்கொண்டேன். அளக்க இரண்டு காலைகள் ஆயின. கணக்குக்கு இரண்டு வாரம் ஆனது, அதில் பெரும்பகுதி ஓரத்துக்கே போனது. அதனால் ஓரத்தைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதுகிறேன்.

முதலில் அளவெடுப்பு. மீன்பாசிக் குத்தகை எடுத்திருக்கும் அண்ணன் ஒருவர் தன் தெப்பத்தைக் கொடுத்தார், லாரி டியூப் இரண்டின் மேல் பலகை கட்டிய தெப்பம். அவர் துடுப்புப் போட, நான் அடிக்கணக்குக் குறித்த மூங்கில் கழியை இறக்கி ஆழம் பார்த்து, கைபேசியில் இடத்தையும் ஆழத்தையும் பதிந்தேன். கரைக்கு இணையாகப் போகும் தடங்கள், அப்புறம் அவற்றைக் குறுக்கே வெட்டும் சில தடங்கள் என்று மொத்தம் 318 புள்ளிகள். அதிகபட்ச ஆழம் மடைக்கு அருகே 2.62 மீட்டர். முதல் நாளுக்கும் இரண்டாம் நாளுக்கும் நடுவே நீர்மட்டம் 2 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. மடைக்கல்லில் சுண்ணாம்பால் குறி போட்டிருந்ததால் அது தெரிந்தது, இரண்டாம் நாள் அளவுகளில் அதைக் கூட்டி ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். குறி போடாமல் தெப்பத்தில் ஏறாதீர்கள், பிறகு இதைச் சரிசெய்ய வழியே இல்லை.

அட்சரேகை தீர்க்கரேகையை யூடிஎம் (பூமியை மண்டலங்களாகப் பிரித்து இடத்தை மீட்டரில் சொல்லும் வரைபட முறை) மண்டலம் 44 வடக்குக்கு மாற்றி மீட்டராக்கிக்கொண்டேன். மதுரை, சிவகங்கை பக்கத்துக்கு இந்த மண்டலம் சரி. கோயம்புத்தூர்ப் பக்கம் என்றால் 43. பரப்பும் கொள்ளளவும் வேண்டுமென்றால் டிகிரியில் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

சரி, இப்போது கணக்கு. பைத்தான் நிரல்மொழியில், சைபை என்ற கணிதத் தொகுப்பில் இருக்கும் கிரிட்டேட்டாதான் இடைக்கணிப்புக்கு எல்லோரும் முதலில் எடுப்பது, நானும் அதைத்தான் எடுத்தேன். பரப்பை 5 மீட்டர் சதுரங்களாகப் பிரிக்கும் கட்டவலை, லீனியர் முறை. படம் அழகாகவே வந்தது. ஆனால் ஓரம் முழுக்க வெள்ளையாக ஒரு பட்டை. அந்தக் கட்டங்களிலெல்லாம் நேன், அதாவது எண் இல்லை.

ஏன் அப்படி என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். லீனியர் முறை நம் புள்ளிகளை டெலோனே முக்கோணங்களாக இணைக்கிறது, ஒவ்வொரு முக்கோணத்துக்குள்ளும் மூன்று முனைகளின் ஆழத்தை வைத்து ஒரு சரிந்த தளத்தைப் போடுகிறது. முக்கோணம் எதிலும் விழாத இடத்துக்கு அதனிடம் பதில் கிடையாது. புள்ளிகளை எல்லாம் முளைக்குச்சிகளாக நினைத்து, வெளிப்பக்கமாக ஒரு கயிற்றைச் சுற்றி இழுத்துக் கட்டினால் என்ன உருவம் வருமோ அதுதான் முக்கோணங்களின் வெளி எல்லை. கணிதத்தில் குவிவு உறை என்பார்கள். கயிற்றுக்கு வெளியே நேன். கண்மாயின் ஓரமெல்லாம் சீமைக் கருவேலம், தெப்பம் அதற்குள் நுழையவில்லை, அதனால் எங்கள் கடைசிப் புள்ளிகள் நீர் விளிம்பிலிருந்து பத்துப் பதினைந்து மீட்டர் உள்ளேயே நின்றுவிட்டன.

செயற்கைக்கோள் படத்தில் நீர் விளிம்பை வரைந்து பார்த்தேன், 11.2 ஹெக்டேர். அதற்குள் விழும் கட்டங்களில் 13 சதவீதம் காலி. காலியை விட்டுவிட்டு மற்றதைக் கூட்டினால் 1,09,000 கன மீட்டர். பைத்தானின் நம்பை தொகுப்பில் நேன்களைத் தாண்டிக் கூட்டும் நான்சம் ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் கூட்டித் தந்துவிடும், காலிக் கட்டம் எல்லாம் ஆழம் 0 என்று எடுத்துக்கொண்டது போல. அடுத்து, காலிக் கட்டங்களை நியரஸ்ட் முறையால் நிரப்பினேன், அதாவது பக்கத்தில் இருக்கும் புள்ளியின் ஆழமே அந்தக் கட்டத்துக்கும். 1,20,000 கன மீட்டர். இணையத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லும் முதல் தீர்வு இதுதான், படத்தில் வெள்ளை போய்விடும். ஆனால் நிலத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று பாருங்கள்: இடுப்பளவு தண்ணீர் விளிம்பு வரைக்கும் அப்படியே வந்து, அங்கே சுவர் வைத்தாற்போல் முடிகிறது. உள்வாய்ப் பக்கம், அதாவது கட்டிய கரைக்கு எதிரே இருக்கும் பக்கம், அப்படிக் கிடையாது, மாடு இறங்கித் தண்ணீர் குடிக்கும் மெல்லிய சரிவு அது.

இரண்டு எண்ணுக்கும் நடுவே 11,000 கன மீட்டர். ஒரு ஏக்கருக்கு ஒரு நனைப்புக்கு 5 சென்டிமீட்டர் தண்ணீர் என்று வைத்தால் சுமார் 202 கன மீட்டர், ஆக 54 ஏக்கருக்கு ஒரு நனைப்பு. இதை ஓரத்துப் பிழை என்று தள்ளிவிட முடியாது, ஒருவர் வயல் காயுமா காயாதா என்பது இதில் இருக்கிறது.

முறையை மாற்றிப் பார்க்கலாம் என்று, தட்டைத் தளத்துக்குப் பதில் வளைந்த பரப்பைப் போடும் க்யூபிக் போட்டேன். உள்ளே வளைவுகள் நன்றாக வந்தன, ஆனால் ஓரத்தில் அளந்த எதையும் விட ஆழமாக 3.1 மீட்டர் வரை போனது, வேறு ஒரு மூலையில் மைனஸ் 0.4. ஓரத்தில் முக்கோணங்கள் ஊசிபோல் நீண்டு கிடக்கின்றன, க்யூபிக் முறை ஒவ்வொரு புள்ளியிலும் சரிவு எவ்வளவு என்று சுற்றியிருக்கும் புள்ளிகளை வைத்து ஊகிக்கிறது, விளிம்புப் புள்ளிக்கோ ஒரு பக்கம்தான் அண்டை உண்டு. ஊகம் அங்கே தவறிப்போகிறது. அதுவும் அந்தக் கயிற்றுக்கு வெளியே நேன்தான் தரும், அதனால் முதல் பிரச்சினையும் தீரவில்லை.

அடுத்தது ஆர்பிஎஃப் இன்டர்போலேட்டர், அதில் தின் ப்ளேட் ஸ்ப்ளைன், அதாவது மெல்லிய தகட்டை எல்லாப் புள்ளிகள் வழியாகவும் வளைத்தது போன்ற பரப்பு. சைபை 1.7 பதிப்பிலிருந்து இருக்கிறது, நல்ல கருவி, நேனே தராது, எங்கே கேட்டாலும் ஒரு எண் சொல்லும். அதுதான் ஆபத்தும். புள்ளிகள் முடிந்த இடத்தில் எந்தச் சரிவில் போய்க்கொண்டிருந்ததோ அதே போக்கில் மேலும் இழுத்துக்கொண்டு போகும். கருவேலங்காட்டுப் பக்கம் விளிம்புக்குள்ளேயே ஒரு மூலையில் 3.4 மீட்டர் காட்டியது. அங்கே ஆடு மேய்க்கிறவர் முழங்கால் நனைய நடந்து போவதை நான் பார்த்திருக்கிறேன். கிரிகிங்கும் ஓட்டினேன். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் வேலை பார்த்த டேனி கிரிக் பெயரில் வந்த முறை அது, புள்ளிகளை விட்டு விலக விலக சராசரியை நோக்கிச் சாய்ந்துவிடும். அது நாகரிகமான நடத்தைதான், ஆனால் கண்மாயின் விளிம்பில் சராசரி ஆழம் என்பதும் தப்பு. தண்ணீர் அங்கே முடிகிறது என்று அதற்கு யார் சொன்னது? கூடவே அது தரும் பிழை வரைபடம் மட்டும் மிகவும் உதவியது, ஓரம் முழுக்கச் சிவப்பாக, எங்கே போய் அளக்க வேண்டும் என்று கையைப் பிடித்துக் காட்டியது.

இந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. ஒவ்வொரு முறையும் ஓரத்தில் ஒவ்வொரு விதமாகத் தப்புச் சொல்கிறது, காரணம் ஒன்றே: ஓரத்தில் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியும், கோப்பில் அது இல்லை. விளிம்பில் ஆழம் 0. இதை விட உறுதியான அளவு கழியை வைத்துக்கூடக் கிடைக்காது, நான்தான் அதை அளவாகவே எண்ணவில்லை.

அண்ணனிடம் படத்தைக் காட்டியபோது அவர் இன்னொன்றையும் கண்டுபிடித்தார். கண்மாயின் வடக்கே ஒரு மேடு நாக்குப்போல் உள்ளே நீண்டிருக்கிறது. அந்த நாக்கின் இரண்டு பக்கமும் நாங்கள் அளந்திருந்தோம், முக்கோணங்கள் மேட்டைத் தாண்டி இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் இணைத்திருந்தன. படத்தில் மேட்டின் மேல் 1.8 மீட்டர் தண்ணீர். "தம்பி, இது மேடுல்ல? ரெண்டு பக்கமும் பள்ளந்தான், ஆனா ஓரத்துல முழங்கால் தண்ணிதான் நிக்கும்" என்றார். மேட்டை வரைபடத்திலிருந்து வெட்டிவிட்டால் போதும் என்றுதான் நானும் நினைத்தேன். போதாது. அந்த நீண்ட முக்கோணங்கள் மேட்டின் இரு பக்கத்து ஓரத் தண்ணீர் மேலும் படர்ந்து கிடக்கின்றன, மேட்டை வெட்டினாலும் அந்த ஓரங்களில் பொய் ஆழம் அப்படியே நிற்கும். எல்லைக்கோட்டைப் படம் வரையும்போது மட்டும் போட்டால் பிழை மறையத்தான் செய்யும், இடைக்கணிப்பு நடக்கும் முன்பே எல்லை உள்ளே போயிருக்க வேண்டும்.

ஆக, மறுநாள் காலை நீர் விளிம்பைச் சுற்றி நடந்தேன். மட்டம் அளவெடுத்த நாளோடு ஒத்திருக்கிறதா என்று குறியைப் பார்த்துக்கொண்டு, சுமார் 8 மீட்டருக்கு ஒரு புள்ளி, நாக்கையும் சுற்றி, மொத்தம் 236 புள்ளிகள். எல்லாவற்றுக்கும் ஆழம் 0. பழைய 318 புள்ளிகளோடு சேர்த்து மறுபடி முக்கோணமாக்கி, மையம் விளிம்புக்கு வெளியே விழும் முக்கோணங்களைக் கழித்துவிட்டு லீனியர். வெள்ளைப் பட்டை காணாமல் போனது, மேட்டின் மேல் தண்ணீர் இல்லை. கொள்ளளவு 1,12,400.

இதோடு விட்டிருந்தால் இன்னும் இரண்டு பிழை உள்ளேயே இருந்திருக்கும்.

ஒன்று, தட்டை முக்கோணங்கள். வடகிழக்கில் 25 மீட்டர் அகலத்தில் 90 மீட்டர் நீளத்துக்கு ஒரு குறுகிய வாய் இருக்கிறது, முள் அடர்ந்து கிடப்பதால் தெப்பம் போகவில்லை. அங்கே இரு கரையிலும் விளிம்புப் புள்ளிகள் மட்டும். மூன்று முனையும் 0 என்றால் முக்கோணம் முழுக்க 0, அந்த வாய் முழுவதும் தண்ணீரே இல்லை என்று கணக்கு சொல்லிவிட்டது. சமஉயரக் கோடுகளிலிருந்து நிலப்பரப்பு செய்பவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும், மலை உச்சியும் ஓடைப்படுகையும் சீவிவிட்டாற்போல் தட்டையாகும். கண்டுபிடிப்பது எளிது: முக்கோணப் பட்டியலை எடுத்து, மூன்று முனையும் 0 ஆக இருப்பவற்றை மட்டும் வண்ணமிட்டுப் பாருங்கள். எனக்கு 61 கிடைத்தன. பெரும்பாலும் விளிம்பு வளையும் இடத்துச் சிறு துணுக்குகள், அவற்றால் நட்டமில்லை, ஆனால் அந்த வாய் பளிச்சென்று தெரிந்தது. அரிவாளோடு இருவர் உள்ளே இறங்கி நடந்தே அளந்தோம், நடுவில் 60 சென்டிமீட்டர் வரை இருந்தது. ஏழே புள்ளிகள்தான். கொள்ளளவு 1,13,300 ஆனது.

இரண்டாவது, கரைப் பக்கம். உள்வாயில் விளிம்பு என்றால் மெல்லிய சரிவு, 0 லிருந்து முதல் தடம் வரை நேர்கோடு போட்டால் நியாயம். கரை அப்படி இல்லை. அது கட்டிய கரை, உட்சரிவில் கல் பதித்தது, இரண்டுக்கு ஒன்று சரிவு, அதாவது இரண்டு மீட்டர் உள்ளே போனால் ஒரு மீட்டர் இறங்கும். எங்கள் முதல் தடம் கல்லில் டியூப் உரசாமல் இருக்கக் கரையிலிருந்து 9 மீட்டர் தள்ளிப் போயிருந்தது. மடை அருகே அங்கே ஆழம் 2.4 மீட்டர். உண்மையில் விளிம்பிலிருந்து 4.8 மீட்டரிலேயே கரையின் அடி வந்து, அப்புறம் சமதரை. நேர்கோடோ 9 மீட்டர் முழுக்க மெதுவாக இறங்குகிறது. குறுக்குவெட்டை ஒரு தாளில் வரைந்து பாருங்கள்: நேர்கோட்டுக்கு 10.8 சதுர மீட்டர், உண்மைக்கு 15.84. கரையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 5 கன மீட்டர் போய்விடுகிறது, கரை 620 மீட்டர் நீளம்.

கரை மேலிருந்து எட்டு இடத்தில் கழியைச் சரிவோடு இறக்கி, நாடாவால் தூரம் பிடித்து, அடி எங்கே வருகிறது என்று பார்த்தேன். ஏழு இடத்தில் சரிவு சொன்னபடியே இருந்தது, ஒரு இடத்தில் கல் சரிந்து கிடந்தது, அதைக் கரை வேலை பார்க்கிறவர்களிடம் தனியாகச் சொன்னேன். பிறகு அந்தச் சரிவை வைத்தே கரை நெடுகிலும் 8 மீட்டருக்கு ஒரு அடிப்புள்ளியைக் கணக்கிட்டுச் சேர்த்தேன். அளக்காத புள்ளியைச் சேர்க்கலாமா என்று கேட்கலாம். கட்டுமானத்தின் வடிவம் தெரிந்திருக்கிறது, எட்டு இடத்தில் சோதித்திருக்கிறது, அதனால் இங்கே சேர்ப்பது சரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கருவேலங்காட்டுப் பக்கம் இதையே செய்திருந்தால் அது வெறும் கற்பனை. சேர்த்த புள்ளிகளுக்குக் கோப்பில் தனி அடையாளம் போட்டிருக்கிறேன், அளந்தவை எவை, சேர்த்தவை எவை என்று எப்போது வேண்டுமானாலும் பிரிக்கலாம்.

இதில் ஒரு நுணுக்கம். கைபேசி ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே மூன்று முதல் ஐந்து மீட்டர் அலையும். 4.8 மீட்டர் தூரத்தை அதை வைத்துப் பிடிப்பது என்பது நடக்காத காரியம். அதனால் கரையோரத்துக்கு மட்டும் நடந்து எடுத்த புள்ளிகளை விட்டுவிட்டு, செயற்கைக்கோள் படத்தில் கரைக் கோட்டை வரைந்து, அதிலிருந்து நாடா தூரத்தை உள்ளே தள்ளினேன். உள்வாய்ப் பக்கம் சரிவு மெல்லியது, இரண்டு மூன்று மீட்டர் அலைந்தாலும் ஆழத்தில் பெரிய மாற்றம் வராது, அங்கே நடந்த புள்ளிகளே போதும்.

கரைக்கு அடிப்புள்ளி சேர்த்ததும் 1,16,100 கன மீட்டர்.

மூன்றாவது வகை ஓரமும் ஒன்று உண்டு, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் வந்து சேரும் இடம். அங்கே விளிம்பே இல்லை, தண்ணீர் கால்வாய்க்குள் தொடர்ந்து போகிறது, நான்தான் பாலத்தடியில் கோடு போட்டு இதுவரை கண்மாய் என்று வெட்டுகிறேன். இங்கே 0 போட்டால் தப்பு. இப்படிப்பட்ட ஓரத்துக்கு எல்லையைத் தாண்டி அளந்துவிட்டு, இடைக்கணிப்பு முடிந்ததும் வெட்டுவதுதான் வழி. பாலத்துக்கு அந்தப் பக்கம் 40 மீட்டர் வரை ஆறு புள்ளி எடுத்தேன். மழை அளவை மாவட்ட வரைபடமாகப் போடுகிறவர்களும் இதைத்தான் செய்ய வேண்டும், பக்கத்து மாவட்டத்து மழைமானிகளையும் சேர்த்துக் கணக்கிட்டு, பிறகு மாவட்ட எல்லையில் வெட்ட வேண்டும். மாவட்ட எல்லையில் மழை நிற்காது.

கட்டவலை தரும் ஓரப் பிழை தனியாக ஒன்று இருக்கிறது. ஒரு கட்டத்தின் மையம் விளிம்புக்குள் இருந்தால் முழுக் கட்டம், இல்லையென்றால் ஒன்றுமில்லை என்று எடுக்கிறோம். கூடுதலும் குறைவும் பெரும்பாலும் ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடும், ஆனால் 4.8 மீட்டர் சரிவை 5 மீட்டர் கட்டத்தால் சரியாகப் பிடிக்க முடியாது. சோதித்துப் பார்க்க ஒரு நல்ல வழி, கட்டவலையே இல்லாமல் கூட்டுவது: ஒவ்வொரு முக்கோணத்துக்கும் பரப்பு பெருக்கல் மூன்று முனைகளின் சராசரி ஆழம். லீனியர் முறைக்கு இது துல்லியமான விடை. 1,16,400 வந்தது. கட்டத்தை 2.5 மீட்டராக்கினால் 1,16,300. போதும்.

எவ்வளவு நம்பலாம் என்று பார்க்க முதலில் புள்ளிகளில் பத்தில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிட்டு, மீதியை வைத்து அவற்றைக் கணித்துப் பார்த்தேன். சராசரிப் பிழை 6 சென்டிமீட்டர். மகிழ்ச்சியாகத்தான் இருந்தது, ஆனால் ஒரே தடத்தில் நான்கைந்து மீட்டருக்கு ஒரு புள்ளி இருக்கும்போது நடுவில் ஒன்றை எடுத்துவிட்டு அண்டைகளை வைத்துக் கணிப்பது சோதனையே இல்லை. முழுத் தடத்தையே எடுத்துவிட்டுப் பார்த்தால் 19. கருவேலங்காட்டை ஒட்டிய கடைசித் தடத்தை எடுத்துவிட்டால் அது ஓரத்துக்கான உண்மையான சோதனை: விளிம்புப் புள்ளிகளைச் சேர்த்த பிறகு பிழை 14 சென்டிமீட்டர், அவை இல்லாமல் நியரஸ்ட் நிரப்பலில் 31.

கூட்டத்தில் 41 லட்சம் கன அடி என்று சொன்னேன், கூடவே கருவேலங்காட்டுப் பக்கம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் என்றும். வரத்துக்கால் வாயில் எடுத்த ஆறு புள்ளி எனக்கு இன்னும் திருப்தியாக இல்லை, அங்கே மணல் ஒவ்வொரு வரத்துக்கும் நகர்கிறது. அடுத்த மழைக்குத் தண்ணீர் வந்து ஓய்ந்ததும் கழியை எடுத்துக்கொண்டு மறுபடி அங்கே போகிறோம், சுண்ணாம்புக் குறியை மட்டும் இப்போதே புதுப்பித்து வைத்தாயிற்று.